கழுவியும் கோடு கோடா தெரியுதா? வேலூர் தண்ணியில கார் கண்ணாடிய பளிச்சுன்னு ஆக்க முழு வழிகாட்டி

வேலூர்ல இருந்து சென்னை பக்கம் தினம் வேலைக்கு போயிட்டு வர்றவங்களுக்கு ஒரு கொடுமை இருக்கு. காலைல கிழக்க பார்த்து ஓட்டணும், சூரியன் நேரா மூஞ்சியில. சாயங்காலம் மேக்க பார்த்து திரும்பணும், அப்பவும் அதே சூரியன் அதே மூஞ்சியில. சத்துவாச்சாரியில இருந்து கெளம்பி வாலாஜா தாண்டி காவேரிப்பாக்கம் வர்றதுக்குள்ள முன் கண்ணாடியில இருக்கிற ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு திட்டும் மின்ன ஆரம்பிச்சிடும், முன்னாடி போற லாரியோட பிரேக் லைட்டு எரியுதா இல்லையான்னே தெரியாது. இத்தனைக்கும் நேத்து ஞாயித்துக்கெழமைதான் உக்காந்து ரெண்டு மணி நேரம் காரை கழுவியிருப்போம்.

நானும் இப்படித்தான் வருஷக்கணக்கா அல்லாடினேன். கண்ணாடி தொடைக்கிற காலின் ஸ்ப்ரே வாங்கினேன், பேப்பர் வச்சு தேய்ச்சேன், ஆன்லைன்ல விலை ஜாஸ்தியா ஒரு துணி வாங்கினேன், எதுவும் வேலைக்கு ஆகல. கடைசியில காட்பாடி பக்கம் ஒரு வாட்டர் வாஷ்ல வேலை பாக்கற பெரியவர் ஒருத்தர்தான் பார்த்துட்டு சொன்னாரு, "தம்பி, நீ இன்னாத்த போட்டு தேய்ச்சாலும் இப்டித்தான் கீதும், கடசியா ஊத்தற தண்ணி நல்ல தண்ணியா இருந்தாத்தான் கண்ணாடி பளிச்சுன்னு நிக்கும்." அப்பதான் உறைச்சுது, கண்ணாடி மேல எது காயுதோ அதுதான் கோடா தெரியுது. உப்பு காஞ்சா உப்பு, சோப்பு காஞ்சா சோப்பு, துணியில இருக்கிற எண்ணெய் காஞ்சா எண்ணெய். அதனால இந்த வேலையில பாதிக்கு மேல, எதையும் கண்ணாடி மேல காய விடாம பாத்துக்கிறதுதான்.

மொதல்ல தண்ணிய பாருங்க

நம்ம ஊர் போர் தண்ணி எப்படின்னு உங்க பாத்ரூம் டேப்பையும் ஹீட்டர் காயிலையும் பார்த்தாலே போதும், வெள்ளையா ஏடு கட்டியிருக்கும். அது கால்சியம், மெக்னீசியம் உப்பு. குடிக்கிற தண்ணிக்கு டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்போட அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும்னு இந்திய தர நிர்ணயம் சொல்லுது, வேற தண்ணிக்கு வழியே இல்லன்னா 2000 வரைக்கும் அனுமதி. எங்க வீட்டு போர்ல நான் மீட்டர் வச்சு பார்த்தப்ப 1100 காட்டிச்சு. அதாவது ஒரு லிட்டர் தண்ணிய சுண்ட காய்ச்சினா அடியில ஒரு கிராமுக்கு மேல உப்பு நிக்கும், அதே சமாச்சாரம்தான் உங்க கண்ணாடி மேல ஒவ்வொரு சொட்டு காயும்போதும் சின்ன அளவுல நடக்குது. சொட்டு காயும்போது ஓரத்துல உப்பு ஒதுங்கி வளையம் வளையமா நிக்குதே, அது இதுதான்.

இதுல நான் பண்ண கூத்த சொல்லியே ஆகணும். ஆர்ஓ மெஷின்ல இருந்து வெளிய போற வேஸ்ட் தண்ணிய வீணாக்க கூடாதுன்னு டிரம்ல புடிச்சு வச்சு அதுல காரை கழுவினேன் கிட்டத்தட்ட ஒரு வருஷம். பெரிய தண்ணி சிக்கனக்காரன்னு நெனப்பு வேற. ஆனா கணக்கு போட்டு பாருங்க, 3 லிட்டர் போர் தண்ணி உள்ள போயி 1 லிட்டர் நல்ல தண்ணி வருதுன்னா, உப்பு பூரா மிச்சம் 2 லிட்டர்ல வந்து சேந்துடுது. 1100 உள்ள போச்சுன்னா வெளிய வர்ற வேஸ்ட் 1600 கிட்ட இருக்கும். போர் தண்ணிய விட மோசமான தண்ணிய தேடி புடிச்சு கண்ணாடிக்கு ஊத்தியிருக்கேன். அந்த தண்ணி வாசல் தெளிக்க, டயர் கழுவ, பாத்ரூமுக்கு ஊத்த ஓகே, கண்ணாடிக்கும் பாடிக்கும் வேணாம்.

முழு காரையும் நல்ல தண்ணியில கழுவ சொல்லல, அது கட்டுப்படியாகாது. வழக்கமா கழுவுறத போர் தண்ணியிலயே கழுவுங்க. கடைசியா கண்ணாடி மேல ஊத்தற தண்ணி மட்டும் நல்ல தண்ணியா இருக்கணும், எல்லா கண்ணாடிக்கும் சேத்து 2 லிட்டர் போதும். கேன் தண்ணி, ஆர்ஓவோட நல்ல தண்ணி, மழை தண்ணி எது வேணா இருக்கலாம். காவிரி தண்ணி வர்ற தெருவா இருந்தா போர் தண்ணிய விட எவ்வளவோ தேவல. எனக்கு ரொம்ப புடிச்சது ஏசி பைப்ல சொட்டுற தண்ணி, காத்துல இருக்கிற ஈரம்தான் குளிர்ந்து தண்ணியா வருது, அதனால உப்பு கிட்டத்தட்ட இருக்காது. ராத்திரி ஒரு பக்கெட்ட பைப்புக்கு கீழ வச்சுடுங்க, காலைல வெள்ளை வேட்டி துணியில வடிகட்டிக்கிட்டா போதும். ஏசி சர்வீஸ் பண்ண அன்னிக்கு வர்ற தண்ணிய மட்டும் விட்டுடுங்க.

எப்ப கழுவணும்

காலைல ஏழரைக்குள்ள, இல்லன்னா சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு. கத்திரி வெயில்ல நம்ம ஊர்ல 40 டிகிரி தாண்டுறது சர்வ சாதாரணம், வெயில்ல நிக்கிற காரோட கண்ணாடிய தொட்டா தோசைக்கல்லு மாதிரி சுடும், ஊத்தின தண்ணி நீங்க துணி எடுக்கறதுக்குள்ள காஞ்சிடும். பின்னங்கைய கண்ணாடியில வச்சு பாருங்க, சூடு தெரிஞ்சா நிழல்ல அரை மணி நேரம் நிறுத்திட்டு அப்பறம் ஆரம்பிங்க. சூடான கண்ணாடி மேல சில்லுன்னு தண்ணி ஊத்தவும் கூடாது, முன் கண்ணாடியில ஏற்கனவே கல்லு பட்ட சின்ன விரிசல் இருந்தா ஓடிடும்.

நிழல்னு சொல்லி வேப்ப மரத்தடியிலயோ புங்க மரத்தடியிலயோ நிறுத்தாதீங்க. மரத்துல இருக்கிற பூச்சிங்க விடுற பிசுபிசுப்பு பொடிப்பொடியா கண்ணாடி மேல விழும், கழுவின சூட்டோட திரும்ப பிசுக்கு.

கழுவற விதம்

இது தெரிஞ்ச கதைதான், சுருக்கமா சொல்றேன். மொதல்ல வெறும் தண்ணிய ஊத்தி தூசிய எறக்குங்க, குவாரி லாரி ஓடுற ரோட்டுல போயிட்டு வந்திருந்தா அந்த கல்லு பவுடரோட துணிய போட்டு தேய்ச்சா கண்ணாடியில மயிரிழை கீறல் விழும், அது எந்த கிளீனருக்கும் போகாது. காலைல காலைல காஞ்ச துணியில "சும்மா தூசி தட்டறேன்"னு தேய்க்கறதும் இதே கணக்குதான். மாசச்சம்பளத்துக்கு கார் தொடைக்க வர்ற தம்பி ஒரே பக்கெட்ல ஒரே துணிய முக்கி பத்து காரு தொடைக்கிறாருல்ல, கண்ணாடிய மட்டும் தொடாதப்பா நானே பாத்துக்கறேன்னு சொல்லிடுங்க.

சோப்பு விஷயத்துல ஒண்ணு. தலைக்கு போடற ஷாம்பு பாக்கெட்ட கிழிச்சு பக்கெட்ல போடறது நம்ம ஊர்ல ரொம்ப சகஜம், நுரை நல்லாவே வரும். ஆனா அதுல நெறைய ஷாம்புல முடி வழவழன்னு இருக்கறதுக்கு சிலிகான் சேத்திருப்பாங்க, அது கண்ணாடியில மெல்லிசா ஒரு படலமா நிக்கும், மழையில வைப்பர் போட்டா பால் ஊத்தின மாதிரி ஆயிடும். துணி தொவைக்கிற பவுடரும் வேணாம். கார் ஷாம்பு ஒரு பாட்டில் வாங்கினா மாசக்கணக்குல வருது.

மேல கூரையில இருந்து கீழ வரணும். வைப்பர தூக்கி நிறுத்திட்டு அதுக்கு அடியில கழுவுங்க, அங்கதான் எலையும் மண்ணும் ஒதுங்கியிருக்கும். நெடுஞ்சாலையில ராத்திரி ஓட்டினவங்களுக்கு முன் கண்ணாடி பூரா பூச்சி அப்பியிருக்கும், அத சொரண்டாதீங்க, ஒரு ஈரத்துணிய அது மேல அஞ்சு பத்து நிமிஷம் போட்டு வையுங்க, தானா ஊறி வந்துடும். காக்கா எச்சத்துக்கும் இதே வைத்தியம்தான்.

காய விடாம தொடைக்கிறது

எல்லாரும் கோட்ட விடுற எடம் இதான். போர் தண்ணியில கழுவி முடிச்ச உடனே, அது காயறதுக்குள்ள, ஒரு சொம்பு நல்ல தண்ணிய எடுத்து ஒவ்வொரு கண்ணாடிக்கும் மேல் ஓரத்துல இருந்து மெதுவா வழிய விடுங்க. வீசி அடிக்காதீங்க, வழிய விட்டா அது உப்பு தண்ணிய இழுத்துக்கிட்டு எறங்கும். உடனே கூரைய தொடைச்சிடுங்க. ஏன் கூரை மொதல்லன்னா, கண்ணாடிய தொடைச்சிட்டு பெருமையா நிக்கும்போது கூரையில இருந்து ஒரு தாரை எறங்கி வரும், திரும்ப மொதல்ல இருந்து. கூரை ஆனதும் கண்ணாடி, அப்பறம்தான் பானெட்டு கதவெல்லாம்.

இன்னொரு திருட்டு தண்ணி, கண்ணாடி ரப்பர் பீடிங்ல ஒளிஞ்சிருக்கிறது. நாலு கதவையும் தொறந்து லேசா அடிச்சு சாத்துங்க, ஜன்னல் கண்ணாடிய ரெண்டு இன்ச் எறக்கி ஏத்துங்க, ரப்பர்ல தங்கியிருக்கிற தண்ணி வெளிய வந்துடும். சைடு மிரர் கூட்டுக்குள்ளயும் தண்ணி நிக்கும், மிரர மடிச்சு விரிச்சா கொட்டிடும், இல்லன்னா நீங்க க்ரீன் சர்க்கிள் ரவுண்டானா போய் சேர்றதுக்குள்ள மிரர்ல இருந்து கதவுல கோடு வழிஞ்சிருக்கும்.

வெள்ளை வளையம் ஏற்கனவே புடிச்சிருந்தா

நகத்தால லேசா தடவி பாருங்க. சொரசொரன்னு மேடா இருந்தா உப்பு மேல படிஞ்சிருக்குன்னு அர்த்தம், அது போயிடும். தண்ணியில கால்சியம் கார்பனேட்டா படியிற உப்பு புளிப்புக்கு கரையும், அதனால சமையலுக்கு வாங்கற வெள்ளை வினிகர சரிபாதி நல்ல தண்ணியோட கலந்து, டிஷ்யூ பேப்பர நனைச்சு கறை மேல ஒட்டி பத்து நிமிஷம் வையுங்க. நிழல்ல பண்ணணும், காய விடக்கூடாது. அப்பறம் துணியால தேய்ச்சு நல்ல தண்ணி ஊத்தி கழுவிடுங்க, பெயிண்ட் மேலயும் குரோம் பட்டி மேலயும் வழிஞ்சிருந்தா அங்கயும் தண்ணி ஊத்துங்க. எலுமிச்சம் பழமும் வேலை செய்யும், ஆனா சாறுல இருக்கிற சக்கையும் பிசுபிசுப்பும் தனியா ஒரு வேலை வைக்கும், வினிகர் தேவல.

ஒரு வாட்டி போகலன்னா ரெண்டு மூணு வாட்டி பண்ணுங்க. அதுக்கும் அசையலன்னா, நகத்துக்கு எதுவும் தட்டுப்படாம கண்ணுக்கு மட்டும் வளையம் தெரியுதுன்னா, அது கண்ணாடியயே அரிச்சிருக்கு. சீரியம் ஆக்சைடுன்னு ஒரு பவுடர் வச்சு பாலிஷ் போடணும், அத வீட்டுல ட்ரை பண்ணாதீங்க, ஒரே எடத்துல ஜாஸ்தி தேய்ச்சா கண்ணாடி வழியா பார்க்கும்போது ரோடு வளைஞ்சு தெரியும். பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரையும் பச்சை ஸ்கிரப்பரையும் கண்ணாடி பக்கமே கொண்டு வராதீங்க.

வெளிப்பக்கம்

ரெண்டு துணி வேணும், ரெண்டுமே மைக்ரோஃபைபர். ஒண்ணு கிளீனரோட தேய்க்க, இன்னொண்ணு முழுசா காஞ்சது, கடைசி தொடைக்கு மட்டும். ஒரே துணியில ரெண்டையும் பண்ணா அழுக்க ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்கு மாத்தறோம், அவ்ளோதான். துணி புஸுபுஸுன்னு இருக்க வேணாம், பாடி தொடைக்கத்தான் அது. கண்ணாடிக்கு முடி குட்டையா, இல்லன்னா கட்டம் கட்டமா நெய்த துணிதான் பஞ்சு ஒட்டாம தொடைக்கும். பழைய பனியன் துணி நாலு வாட்டி கஞ்சி போடாம தொவைச்சதா இருந்தா அவசரத்துக்கு ஓகே. பேப்பர்? அந்தக்காலத்துல எங்கப்பா அம்பாசடருக்கு பேப்பர்தான் வச்சு தேய்ப்பாரு, பளிச்சுன்னு இருக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா மை ரப்பர்லயும் உள்பக்கம் லைட் கலர் துணியிலயும் ஒட்டுது, கையும் கறுப்பு, எனக்கு ஒத்து வரல.

கிளீனர் கடையில வாங்கினதும் போடலாம், நானே கலந்துக்கறதும் உண்டு: 400 மில்லி ஆர்ஓ தண்ணி, 100 மில்லி ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்தி குலுக்கினா முடிஞ்சுது. சோப்பு ஒரு சொட்டு கூட வேணாம். ஆல்கஹால் எரியற பொருள், பாட்டில வெயில்ல நிக்கிற காருக்குள்ள விட்டுட்டு போகாதீங்க, தெளிக்கும்போது பக்கத்துல பீடி சிகரெட் ஆகாது.

துணிய நாலா மடிங்க, எட்டு பக்கம் கெடைக்கும், ஒரு பக்கம் அழுக்கானதும் அடுத்த பக்கம். பாதி கண்ணாடிக்கு மட்டும் ரெண்டு மூணு ஸ்ப்ரே, அதுக்கு மேல வேணாம். கோடு வர்றதுக்கு பாதி காரணம் கிளீனர் கம்மியா போட்டது இல்ல, ஜாஸ்தியா போட்டது. தெளிச்ச உடனே தேய்ச்சு, ஈரம் இருக்கும்போதே காஞ்ச துணியால தொடைச்சு முடிங்க, அப்பறம் அடுத்த பாதி. வெளிப்பக்கத்த எப்பவும் படுக்க வாட்டுல, எடப்பக்கத்துல இருந்து வலப்பக்கமா தொடைங்க. உள்பக்கத்த மேல இருந்து கீழயா. ஏன்னா முடிச்சிட்டு பார்க்கும்போது கோடு படுத்திருந்தா வெளிய, நின்னிருந்தா உள்ள, எந்த பக்கம் தப்புன்னு தேட வேண்டியதில்ல. இந்த ஒரு விஷயம் தெரியாம நான் உள்ள ஏறி எறங்கியே எத்தன ஞாயித்துக்கெழமைய ஓட்டியிருக்கேன்.

ஜன்னல் கண்ணாடிய கொஞ்சம் எறக்கிட்டு மேல் விளிம்பையும் தொடைங்க, ஏத்தியிருக்கும்போது ரப்பருக்குள்ள ஒளிஞ்சிருக்கிற அழுக்கு ஒரு கறுப்பு கோடா அங்க நிக்கும்.

உள்பக்கம், இதுதான் பெரிய தலைவலி

உள்ள யாரும் தண்ணி ஊத்தறதில்ல, சிகரெட் புடிக்கறதில்ல, அப்பறம் எப்படி மங்குதுன்னு கேப்பீங்க. வெயில்ல டாஷ்போர்டு சூடாகும்போது அந்த பிளாஸ்டிக்க வளைஞ்சு குடுக்க வைக்க சேத்த எண்ணெய் மாதிரியான பொருள் ஆவியாகி கண்ணாடியில போய் படியும். நம்ம ஊர் வெயிலுக்கு இது கேக்கவே வேணாம். அதுக்கு மேல நாம வேற சேக்கறோம், வெள்ளிக்கெழமை ஊதுபத்தி, ஆயுத பூஜைக்கு சாம்பிராணியும் சூடமும், டாஷ்போர்டு பளபளக்க போடற பாலிஷ். ஒரு எடத்துல வாட்டர் வாஷுக்கு குடுத்தேன், பையன் டாஷ்போர்டுக்கு பாலிஷ் போட்ட அதே துணியால உள் கண்ணாடியயும் ஒரு இழு இழுத்துட்டான், ரெண்டு மாசம் அந்த எண்ணெய் என்ன விட்டு போகல.

இந்த எண்ணெய் படலத்துக்கு தண்ணி மட்டும் போதாது, ஆல்கஹால் கலவைதான் சரி. கண்ணாடி மேல தெளிக்காதீங்க, துணியில தெளிச்சு தொடைங்க, இல்லன்னா டாஷ்போர்டுலயும் டச் ஸ்கிரீன்லயும் சொட்டும். கதவ தொறந்து வச்சுட்டு பண்ணுங்க. மொதல் தொடைக்கு அழுக்கு கரையும், ரெண்டாவது தொடைக்கு எடுபடும், ரொம்ப நாளா தொடாத கண்ணாடின்னா மூணு வாட்டி கூட ஆகும், துணி பழுப்பா வர்றது நின்னா முடிஞ்சுதுன்னு வச்சுக்கங்க.

டாஷ்போர்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல இருக்கிற அந்த ஒடுக்கமான மூலைக்கு கை போகாது. டாஷ்போர்டுல உக்காந்திருக்கிற புள்ளையார மொதல்ல பத்திரமா எடுத்து சீட்டுல வையுங்க. டிரைவர் சீட்டுல உக்காராதீங்க, ஸ்டியரிங் இடிக்கும், பக்கத்து சீட்டுல உக்காந்து கைய திருப்பி, உள்ளங்கை உங்கள பார்க்கிற மாதிரி வச்சு, விரல் பின்பக்கத்துல துணிய சுத்திக்கிட்டு உள்ள விடுங்க, மூலை வரைக்கும் போயிடும்.

கண்ணாடியில வச்ச சந்தனம் குங்குமம் விபூதி பட்டைய காஞ்ச துணியால தேய்ச்சா மஞ்சள் கறை பரவிடும். மொதல்ல ஈர டிஷ்யூவால பொட்ட ஒத்தி எடுத்துட்டு அப்பறம் தொடைங்க. எங்க வீட்டுல அம்மா கண்ணாடியில பொட்டு வைக்காம வண்டிய எடுக்க விட மாட்டாங்க, பேசி பேசி டிரைவர் பார்வைக்கு மறைக்காத கீழ் மூலைக்கு மாத்தியிருக்கேன், இப்போதைக்கு சமாதானம்.

பின் கண்ணாடியில மெல்லிசா கோடு கோடா ஓடுதே, அது பனி போக்கற ஹீட்டர் கம்பி. அந்த கோடு போற வாட்டத்துலயே மெதுவா தொடைங்க, குறுக்க அழுத்தி தேய்ச்சா அறுந்துடும், அங்க மட்டும் மேல இருந்து கீழ விதிய மறந்துடுங்க. ஃபிலிம் ஒட்டின கண்ணாடின்னா அமோனியா இருக்கிற கிளீனர் போடாதீங்க, ஃபிலிம் உரியும். ஃபிலிம் ஒட்டறதுக்கு முன்னாடி சட்டத்தையும் பாத்துக்கங்க, முன் பின் கண்ணாடியில குறைஞ்சது 70 சதவீதம், சைடுல 50 சதவீதம் வெளிச்சம் உள்ள வரணும்.

வைப்பரும் தண்ணி டேங்கும்

கண்ணாடி எவ்வளவு சுத்தமா இருந்தாலும் அழுக்கு வைப்பர் ஒரு இழுப்புல வில்லு மாதிரி கோடு போட்டுடும். வைப்பர் ரப்பர ஆல்கஹால் துணியால விரல் நுனியில புடிச்சு ஒரு முனையில இருந்து மறு முனை வரைக்கும் இழுங்க, கறுப்பா வர்றது நிக்கிற வரைக்கும். ரப்பர்ல வெடிப்போ வெட்டோ தட்டுப்பட்டா தொடைச்சு பிரயோஜனம் இல்ல, நம்ம வெயிலுக்கு வருஷத்துக்கு ஒரு வாட்டி மாத்தறது நல்லது, ஐப்பசி மழைக்கு முன்னாடி. வாஷர் டேங்குலயும் போர் தண்ணி ஊத்தாதீங்க, தண்ணி பீச்சற அந்த ஊசி ஓட்டையில உப்பு அடைச்சிக்கும். அதுலயும் ஏசி தண்ணி ஊத்தி வாஷர் லிக்விட் கலந்துக்கங்க, ஷாம்பு வேணாம்.

சரியா வந்திருக்கான்னு எப்படி பார்க்கறது

முடிச்ச உடனே நிழல்ல நின்னு பார்த்தா எல்லாமே பளிச்சுன்னுதான் தெரியும், ஏமாந்துடாதீங்க. உள்பக்கம் வாயால ஹான்னு ஊதி பாருங்க, ஆவி ஒரே சீரா படிஞ்சு மறைஞ்சா சுத்தம், திட்டு திட்டா விரல் ரேகையோட தெரிஞ்சா எண்ணெய் இன்னும் இருக்கு. அப்பறம் ராத்திரி எதிர்ல ஒரு பைக்க நிறுத்தி ஹெட்லைட் போட சொல்லுங்க, வெளிச்சத்த சுத்தி நட்சத்திரம் மாதிரி கோடு விரிஞ்சா உள்பக்கத்த இன்னொரு வாட்டி தொடைக்கணும்.

துணிங்கள மத்த துணியோட மெஷின்ல போடாதீங்க, பஞ்சு ஒட்டிக்கும். தனியா, கொஞ்சமா லிக்விட் போட்டு, வாசனைக்கு ஊத்தற துணி சாஃப்ட்னர் சுத்தமா இல்லாம. சாஃப்ட்னர் ஊத்தின துணி தண்ணிய உறிஞ்சாது, கண்ணாடியில மெழுகு தடவின மாதிரி இழுத்துக்கிட்டு போகும். கடைசி அலசல் இங்கயும் நல்ல தண்ணியில, போர் தண்ணியில அலசி காய வச்சா துணி வெறச்சு அட்டை மாதிரி ஆயிடும். மொட்டை மாடியில வெயில்ல போடாம வீட்டுக்குள்ள கொடியில காய வச்சு, காஞ்சதும் ஒரு ஜிப் கவர்ல போட்டு மூடி வச்சுடுங்க, அதுல கண்ணாடி துணின்னு எழுதியும் வையுங்க. எழுதாம விட்டதுல என்னோட நல்ல துணி ஒண்ணு கேஸ் அடுப்பு தொடைக்க போயிடுச்சு.